காலவரம்பு

"இதழியல் வரலாற்று ஆய்வாளர்களுக்கு நல்கை.
மூவருக்கு மட்டும். பன்னிரண்டு மாதம்.
பயணப்படி கிடையாது.
கடைசி நாள் இன்று, இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது."
நெறியாளர் அனுப்பியிருந்தார்,
கூடவே ஒரு கட்டைவிரல்.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கிறது.
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணி
நாற்பத்திரண்டில் விட்டுவிட்டேன்.
அந்தப் பக்கம் பிலோமினாவின் எடைக்கடை.
ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது,
உள்ளே ஒரு டியூப்லைட்
எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு.

கொக்கி.
துறைமுகக் கூலிகள் நடத்திய மாலை ஏடு,
நாலு பக்கம், ஓரணா.
மூன்று வருஷமாக அடிக்குறிப்பில் மட்டும் பார்த்த பெயர்
நசுங்கிய தண்ணீர் கேனுக்கும்
பத்தாங்கிளாஸ் கைடுகளுக்கும் நடுவில்
சணல் கயிற்றில் இரண்டு கட்டாகக் கிடந்தது.

"காலைல ஆறு மணிக்கு லாரி. மில்லுக்குப் போவுது.
வோணும்னா இப்பவே எட்த்துக்கோ.
கிலோ முப்பது. கடன் மட்டும் சொல்லாத."

ஒரு கட்டு ஐம்பத்தாறு. மற்றது ஐம்பத்தேழு.
ஐம்பத்தாறைத் தராசில் ஏற்றினாள்.
ஏழரை.
அவளே சிரித்தாள்.
ஐம்பத்தேழு எட்டரை.

என் போனில் இருநூற்று முப்பத்தொரு ரூபாய்,
ஒன்பது சதவீதம் சார்ஜ்.
ஐம்பத்தாறை அவிழ்த்துப் படமெடுக்கத் தொடங்கினேன்.
பீடி விளம்பரம். அரிசி விலை. மூன்றாம் ஷிப்டுக்குக் கூலி.
"எழுதத் தெரிந்த ஆள் தேவை. சம்பளம் இல்லை, டீ உண்டு.
கல்மண்டபத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்."
கட்டின் அடியில், டிசம்பர் கடைசியில்,
கறுப்புக் கட்டம் போட்டு:
"பளுதூக்கி அறுந்து தோழர் எத்திராஜுலு மறைந்தார்.
நிர்வாகம் மௌனம்."
ஏழு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன்.
விண்ணப்பத்துக்கும் சார்ஜ் வேண்டுமே.

"இதுல இன்னாமா கீது, இப்டிப் பாக்குற?"
"நியூஸ்."
"பழசா?"
"இன்னும் யாருக்கும் தெரியாது."
"அப்ப புச்சுதான்" என்று
ஐம்பத்தாறைக் கோணிப்பையில் தள்ளினாள்.
இருநூற்று இருபத்தைந்து போனதாக
அவள் கடைப் பெட்டி உரக்கச் சொன்னது.

கேட்டில் மறுபடியும் நின்றேன்,
இந்த முறை இஞ்சின் மட்டும், தனியாக, அவசரமே இல்லாமல்.
கோணிமேல் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன்.
மூல ஆவணம் இருக்கும் இடம்:
என்னிடம், என்று எழுதி அழித்து,
தனியார் சேகரம், என்று எழுதினேன்.
ஆய்வின் காலவரம்பு: 1956.
இந்தக் காலத்தைத் தேர்ந்ததன் காரணம்,
ஐம்பது சொற்களுக்குள்:

மொழிவாரி மாநிலங்கள் பிறந்த ஆண்டு.
துறைமுகத் தொழிலாளர் இதழியலின்
தனித்த, முழுமையான ஒரு கட்டம்.

முழுமையான என்ற சொல்லின்மேல்
விரல் கொஞ்சம் நின்றது.
எட்டரை கிலோ கூடினால் கனக்கும் சொல்.

ஷட்டரை இழுக்கும்போது கீழே ஒரு சாண் இடைவெளி,
ஐம்பத்தேழின் மேல்தாள் தெரிந்தது.
ஜனவரி முதல் இதழ். தலைப்பு மட்டும்:
"சென்ற ஆண்டுச் செய்திகளில் திருத்தங்கள்.
பக்கம் மூன்று பார்க்க."

பார்க்கவில்லை.
கட்டு இறுக்கியிருந்தது, பூட்டு விழுந்தது,
மணி பதினொன்று நாற்பது.

பதினொன்று ஐம்பத்தாறுக்கு
"தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது."
முடிவு ஜூலையில்.
ஒரு சதவீதத்தில் போன் அணைந்தது.
கேட் தூக்கினார்கள்.
பிழைத்தாரோ என்னவோ,
எத்திராஜுலுவை இறந்தவராகவே
தோளில் போட்டுக்கொண்டு
தண்டவாளம் தாண்டினேன்.