தலை போகிற அவசரம்

மேசையைச் சுற்றி நான்கு பெண்கள், நான்கு கிண்ணம்.
நான் சிவப்பு.
கொடியின் பட்டைகள், திரைச்சீலை,
வளக்கொம்பிலிருந்து கொட்டும் ஆப்பிள்கள்
(பன்னிரண்டு மணிக்கு மேல் அவற்றைப் பார்க்காமல் பூசுவேன்),
கடைசியாக வேட்பாளரின் உதடு. ஒரே ஒரு தொடுகை.
கூடிப்போனால் குடிகாரன் ஆகிவிடுவார் என்பார்
முதலாளி ஷ்ட்ரோபெல்.

ஒட்டிலி நீலம். நட்சத்திரங்களை விட்டுவிட்டுப் பூசவேண்டும்.
போன வாரம் ஒன்றை மூடிவிட்டாள்.
எந்த மாநிலமடி அது என்று
சாயங்காலம்வரை கேட்டுக் கேட்டுச் சிரித்தோம்.
கெசையா கழுகுக்கு மஞ்சள்.
டெல்ஃபீன் தோல்நிறம்: நெற்றி, கன்னம், கை.

செவ்வாய் மதியம் தந்தி.
ஆளுநர் வேட்பாளர் விலகிவிட்டாராம்,
ஏதோ கால்வாய்ப் பங்குக் கணக்கு.
பவேரியாவிலிருந்து கப்பலேறி
சின்சினாட்டிவரை வந்த கல்லின்மேல் குனிந்து
ஷ்ட்ரோபெல் நுரைக்கல்லால் தேய்த்தார்.
முதலில் மூக்கு போனது. பிறகு எல்லாம்.
இடவலம் மாற்றி அவரே எழுதிய பெயரும் போனது.
தலையெழுத்து, வேறென்ன.

புதியவரின் முகம் கொலம்பஸிலிருந்து வரவேண்டும்.
அதுவரை உடம்பைப் பூசுங்கள்,
தலையைத் தனிக்கல்லில் அடித்துக்கொள்ளலாம்,
தலை போகிற அவசரம் என்று கத்தினார்.
யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் எல்லோரும் சிரித்தோம்.

நானூறு கோட்டு, நானூறு கழுத்துப்பட்டை,
அரசியல் சாசனத்தின்மேல் வைத்த நானூறு கை.
மேலே வெற்றிடம், அதற்கும் மேலே கழுகு,
யாருக்கு என்று தெரியாமலே அம்புகளைப் பற்றியபடி.
ஓரத்தில் சுதந்திர தேவிக்கு மட்டும் முகம் இருந்தது.
அவள் குல்லாய் என் சிவப்பு.
தேர்தல் நாளில் எங்களைப்போல
அவளும் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டியவள்தான்.
அன்று டெல்ஃபீனுக்குக் கைகளைத் தவிர வேலையில்லை,
கூலியும் பாதி.

மை கசிந்த தாள் ஒன்றை
வீட்டுக்கு எடுத்துப்போய்
காற்று வரும் பலகை இடுக்கின்மேல் ஒட்டினேன்.
பக்கத்து அறை ஷெல்ஹார்ன்,
நாள் முழுக்கப் பன்றி அறுத்துவிட்டு வந்தவர்,
விளக்குக்கு நெருப்புக் கேட்டு எட்டிப்பார்த்தார்.
கொடியைப் பார்த்தார். கழுகைப் பார்த்தார்.
தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.
"நல்ல மனிதராகத் தெரிகிறது," என்றார்.

நெருப்பைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை முகம் வந்துசேர்ந்தது.
பழைய கழுத்துப்பட்டைக்குள் புதிய கழுத்து நுழையவில்லை.
இல்லாத தாடியை இரண்டு அங்குலம்
வளர்த்துவிட்டார் ஷ்ட்ரோபெல்.
தூரிகையை நனைத்துக்கொண்டு தேடினேன்.
அந்தத் தாடிக்குள் உதடு இல்லை.
நனைத்த சிவப்பு காய்வதற்குள்
ஓர் ஆப்பிளுக்கு இரண்டாம் பூச்சு கொடுத்தேன்.