ஆட்சேபணைக்கான காரணங்கள்

விளக்குக் கம்பத்தில் மஞ்சள் தாள்.
பிளாஸ்டிக் உறைக்குள் மழை புகுந்து
தேதியை மட்டும் கரைத்திருந்தது.
ஃபெரிமேன் பப்பை இடித்துவிட்டு
ஏழு மாடி, நூற்று நாற்பத்தாறு அறைகள்,
மாணவர்களுக்கு.

ஃபெரிமேன் என்று பெயர்தான்.
கார்டிஃபின் இந்தப் பக்கம்
ஓடம் விட ஆறு இருந்ததே இல்லை.

ஆட்சேபிக்கலாம், ஆனால் காரணம் வேண்டுமாம்.
வெளிச்சம் மறைப்பு. போக்குவரத்து. சத்தம்.
கட்டடக்கலைச் சிறப்பு.
கட்டத்துக்குள் டிக் போட வேண்டும்.

கட்டடக்கலை என்றால் எனக்கே சிரிப்பு வருகிறது:
அறுபத்து மூன்றில் கட்டிய தட்டைக் கூரை,
செருப்புப் பெட்டிக்குக் கதவு வைத்த மாதிரி.
மழை நாளில் ஸ்கிட்டில்ஸ் தடத்தின் நடுவே
ஒரு வாளி வைப்பார்கள்.
வாளியில் படாமல் பந்தை வளைத்து உருட்ட
எங்கள் அணிக்கு மட்டும்தான் கைவரும்.
வெளியணிகள் லீகுக்குப் புகார் எழுதியிருக்கின்றன,
இரண்டு முறை.

சத்தம் என்று போடலாமா?
சத்தம் போட்டது நாங்கள்தானே.

வரைபடத்தில் அந்தக் கட்டடம் அழகாகத்தான் இருக்கிறது.
எங்கள் தெருவில் இல்லாத ஐந்து மரங்கள்,
நிழல் விழாத மனிதர்கள்,
வேல்ஸில் யாரும் பார்த்திராத ஒரு வானம்.

இலிங்காதான் எனக்கு அதை விரித்துக் காட்டினாள்.
ருமேனியாவிலிருந்து பொறியியல் படிக்க வந்தவள்,
வாரத்தில் மூன்று இரவு இங்கே பீர் ஊற்றுகிறாள்.
"டார்ட்ஸ் பலகை இங்கே. அப்படியென்றால் ஒன்பதாம் அறை.
கட்டிலின் தலைமாடு சரியாக இதே இடத்தில் வரும்."
பலகையைச் சுற்றிச் சுவரெல்லாம் துளை,
அம்மை வார்த்த முகம் போல.
குறி தவறியவர்கள் நாற்பது வருஷமாகக்
குத்திய துளைகள். அதில் பாதி என்னுடையவை.
"நீ அங்கே குடி வருவாயா?" என்றேன்.
வாடகையைச் சொன்னாள்.
பிறகு கண்ணாடிக் கோப்பைகளைத் துடைக்கப் போய்விட்டாள்.

நானூற்றுப் பன்னிரண்டு ஆட்சேபணைகள்.
உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது,
வாசலில் நாங்கள் முறைத்துக்கொண்டு நிற்க.
அந்தப் படத்தில் முன்வரிசையில் இருப்பவன் நான்.
அதற்கு முன்பு நான் அந்த வாசலை மிதித்து
பதினான்கு மாதம்.
சூப்பர்மார்க்கெட்டில் நாலு கேன் மலிவு,
வீட்டில் சோபா இருக்கிறது,
முழங்கால் வேறு.
இதையெல்லாம் படிவத்தில் கேட்கவில்லை,
நானும் எழுதவில்லை.

கவுன்சில் கூட்டத்தில் பேச எம்லினுக்கு மூன்று நிமிடம்.
இரண்டு நிமிடத்தை வாளிக்கே செலவழித்தான்.
மணி அடித்தபோது
அவன் இன்னும் பந்தை உருட்டிக்கொண்டிருந்தான், கையால், காற்றில்.
தலைவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒத்திவைப்பு என்றார்கள்.
ஆறு வாரம். நிராகரிப்பு இல்லை, ஒத்திவைப்புதான்.
நாங்கள் கப் ஜெயித்த மாதிரி கத்தினோம்.

அன்றிரவு ஃபெரிமேனில் நிற்க இடமில்லை.
கழிப்பறைக்கு வரிசை. ஜன்னல் விளிம்பில் கோட்டுகள்.
எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்றே தெரியாதவர்கள்
என் தோளில் கைபோட்டார்கள்.
ஒன்பதே கால் மணிக்குக் குழாய் இருமியது,
நுரை வந்தது, பிறகு காற்று.

பீர் தீர்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமைக்கு வழக்கமாக எட்டுப் பேர்.
எட்டுப் பேருக்குத்தான் மெரெரிட் ஆர்டர் கொடுத்திருந்தாள்.
அவள் கோபப்படவில்லை.
பென்சிலை எடுத்தாள், பீர் கம்பெனி நோட்டைத் திறந்தாள்.
"அடுத்த செவ்வாய்க்கு எத்தனை பீப்பாய் சொல்லட்டும்?"
என்றாள், எல்லாரையும் பார்த்து.

எம்லின் தன் ஷூவைப் பார்த்தான்.
கூரை ஒரு சொட்டு விட்டது, வாளிக்குள்.

"கூட ஒன்று," என்றேன் நான்.

மெரெரிட் தலை நிமிரவில்லை.
"பெரியதா, சின்னதா?"