ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை

ஹட்டன் பஸ் நிலையத்தில் என் தொழில்
ஊர்ப்பெயர்களை உரக்கச் சொல்வது.
மஸ்கெலியா. சாமிமலை. பொகவந்தலாவை.
பனி இறங்கிப் பெயர்ப்பலகை மறைந்த காலைகளில்
என் குரலைப் பிடித்துத்தான் சனம் பஸ் ஏறும்.

ஜூலையிலிருந்து நெஞ்சுக்குள்ளும் ஒரு டைம்கீப்பர்.
இடது காறை எலும்புக்குக் கீழே
பிஸ்கட் அளவில் ஒரு மேடு.
அதிலிருந்து கழுத்துக்கு ஏறும் கம்பி
மேராக்காய்க் கொடி பந்தற்காலைப் பற்றுவதுபோல
ஒரு நரம்பைச் சுற்றியிருக்கிறதாம்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
முப்பது விநாடி அது பேசும்.
அது பேசும்போது
எனக்குக் குரல் இல்லை.

படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது.
கண்டி ஆஸ்பத்திரித் தாதி இரேஷா
தனக்குத் தெரிந்த தமிழில் வாசித்தாள்:
"சீழ் வரும். கம்பி உடையும்.
தூக்கத்தில மூச்சு நிக்கும், கொஞ்சம்.
பெட்டரி முடிஞ்சா திரும்ப வெட்டணும்.
கேக்காம ஸ்கேன் ரூமுக்குப் போக வேணாம்."
'வரும்' என்பதற்கும் 'வரலாம்' என்பதற்கும் இடையில்
எவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு,
அவளுக்கு அது தெரியாது.
கடைசியில் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.
"சத்தம் போகும்."
போய்விடுமா, போய் வருமா என்று கேட்டேன்.
சிரித்துப் பேனையை நீட்டினாள்.

கையெழுத்துப் போட்டேன்.
மாதம் பதினொரு தடவை விழுகிறவளுக்கு
படிவத்தின் பின்பக்கம் எதற்கு?
ஒருமுறை அடுப்பின் மேல் விழுந்தேன்,
முழங்கையில் இன்னும் அந்தத் தோல் வேறு நிறம்.
ஒருமுறை ரயில் கடவையில்.
விழும்போதெல்லாம் யாராவது ஓடி வந்து
உள்ளங்கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள்.
இரும்பு பிடித்தால் வலிப்பு அடங்குமாம்.
கண் விழித்தால் கையில் யாருடைய வீட்டுச் சாவியோ இருக்கும்.

டொக்டரும் எனக்கொரு இரும்பு தந்தார்.
மணிக்கட்டில் கட்டிய காந்தம்.
வருவது தெரிந்தால் மேட்டின் மேல் ஒருமுறை இழுக்க வேண்டும்,
கருவி கூடுதலாக ஒருமுறை உதைக்கும்.
இழுக்காமல் அங்கேயே வைத்திருந்தால்
அது உறங்கிவிடும்.
இதைச் சொல்லும்போது மட்டும் டொக்டர்
கண்ணாடியைக் கழற்றினார்.

இப்போது மாதம் நான்கு.
அதை நான் மறைக்கவில்லை, டயறியில் எழுதுகிறேன்.
முதல் மாதம் தையல் கசிந்ததையும்,
மாத்திரை இன்னும் நிற்காததையும்,
தண்ணீர் குடித்தால் புரையேறுவதையும்
அடுத்த பக்கத்தில் எழுதுகிறேன்.

கொண்டக்டர் சத்தியசீலன் சொன்னான்,
"கொத்தமல்லி அவிச்சுக் குடிங்க அக்கா."
பொறுப்பதிகாரி கடிதம் தந்தார்.
அன்றைக்குச் சாமிமலை என்றதில்
சாமி வந்தது, மலை வரவில்லை.
பிள்ளையோடு நின்ற ஒரு பெண்ணுக்குப் பஸ் போய்விட்டது.
அதற்குப் பிறகு நான் மணிக்கூட்டைப் பார்த்தே பேசுகிறேன்,
இரண்டு உதைக்கு நடுவில் மூன்று ஊர், நான்கு ஊர்,
தேங்காய் திருவுகிறவள் விரலைப் பார்ப்பதுபோல.

நேற்றுப் பௌர்ணமி.
மலை ஏறுகிற சனம் ரயிலால் இறங்கி இறங்கி
நிலையம் கொள்ளவில்லை.
நல்லதண்ணிக்கு விசேட பஸ் இருபத்திரண்டு.
கழிவறைக்குள் போய்ப்
பிளாஸ்டர் கிழித்துக் காந்தத்தை நெஞ்சில் ஒட்டினேன்.
மேசையின் கூர்முனையைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
கேத்தலை எட்ட வைத்தேன்.
சத்தியசீலனைக் கூப்பிட்டு,
"விழுந்தா ஒருக்களிச்சுப் போடு.
சாவி வேணாம்" என்றேன்.
அவன் முகம் வெளிறியது.

பிறகு மைக்கைத் திறந்தேன்.
நல்லதண்ணி!
என்னுடைய குரல், ஆறு மாதத்துக்கு முந்தியது,
அப்படியே இருந்தது.
எங்கே இருந்தாய் என்று அதைக் கேட்க நேரமில்லை.
நல்லதண்ணி, மூன்றாம் வரிசை, ஏறலாம், ஏறலாம்.

ஐந்தாவது நிமிடத்தில், பழக்கத்தில்,
வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.
உதை வரவில்லை.
சனம் தலை நிமிர்ந்து
ஒலிபெருக்கியைப் பார்த்தது.