நாற்பத்திரண்டாம் வாரம்

சூரியன் வராமல் ஐம்பத்தாறு நாள்.
யாரும் கவலைப்படவில்லை.
இருபத்தொன்றாம் தேதி வரும் என்று
காலண்டரில் இருக்கிறது, வரும்.
உனக்கும் ஒரு தேதி கொடுத்திருந்தார்கள்.
அது கழிந்து பதின்மூன்று நாள்.

காரஷோக்கிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கு
மூன்று மணி நேரம், உறைந்த சாலை.
கலைமான்கள் குறுக்கே வந்தது நான்கு முறை.
ஆந்தே பிரேக் போடும்போதெல்லாம்
வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.
நீ புரண்டு படுத்தாய், அவ்வளவுதான்.

"வலியை வரவழைக்கலாம்" என்றாள்
மருத்துவச்சி தோருன்,
காப்பி போடலாம் என்பது போல.
தண்ணீரில் கரைத்த மாத்திரை,
இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று.
கசப்புகூட இல்லை.
இரவெல்லாம் குடித்தேன்.
வந்தது பசி, எரிச்சல்,
அம்மாவின் குறுஞ்செய்தி: ஏதாவது?
ஏதும் இல்லை.
அரைமணி கழித்து: ஏதாவது?

மறுநாள் பலூன்.
அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.
அது தானாகக் கழன்று விழுந்தபோது
தோருன் கைதட்டினாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிறகு சொட்டு மருந்து.
ஒரு சின்னப் பெட்டி, பச்சை எண்கள்.
மணிக்கு ஆறு. பன்னிரண்டு. பதினெட்டு.
அவள் பொத்தானைத் தொட்டதும்
என் இடுப்புக்குள் யாரோ
கதவை அறைந்து சாத்தினார்கள்.
என் வலி என்று சொல்லவே
முதலில் கூச்சமாக இருந்தது.
குழாய் வழியே வந்தது,
இரவல் நகை போல,
எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம் என்பது போல.
இருபத்துநான்கில் கூச்சம் போயிற்று.
என்னுடையதுதான்.
யாராவது எடுத்துக்கொண்டால் போதும்.

பனிக்குடத்தையும் அவர்களே உடைத்தார்கள்,
பின்னல் ஊசி மாதிரி ஒன்றால்.
ஜன்னலின் பாதிவரை பனி.
இருபத்தெட்டுக் குளிர்காலம் கண்டவள் நான்,
சூடான பனியை
அன்றுதான் தொடையில் அறிந்தேன்.

"மூச்சு விடு" என்றான் ஆந்தே.
"நீ விடு" என்றேன்.
விட்டான், சத்தமாக,
பள்ளிப் பையனைப் போல.

காகிதத்தில் உன் இதயம் மலைமலையாக ஓடியது.
ஒரு பள்ளத்தில்
அறையே பேச்சை நிறுத்தியது.
மருத்துவர் ருத்தா உள்ளே வந்து
என் முகத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார்.
இடப்பக்கம் திருப்பினார்கள்.
காத்திருந்தோம்.
காத்திருந்தோம்.
நீ ஏறினாய்.
யாரோ விட்ட இடத்திலிருந்து
மீன் சூப்பில் உப்புக் குறைவு என்று தொடர்ந்தார்கள்.
உப்பைப் பற்றிய பேச்சுக்கு
நான் அழுதது அதுதான் முதல்முறை.

அப்புறம் முக்கச் சொன்னார்கள்.
அறைக்குள் யார் மாட்டை விட்டது என்று நினைத்தேன்.
அது என் குரல்.

காலை பதினொன்று பத்து.
சூரியனில்லாத ஊரின் நடுப்பகல்,
ஜன்னலில் ஒரு நீலம், ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.
அதில் உன்னைத் தூக்கி
என் மார்பில் போட்டார்கள்.
அழுதாய், பிறகு நிறுத்திவிட்டு
முறைத்தாய்.
அகாலத்தில் எழுப்பப்பட்டவளின் முகம்.
அன்பு பொங்கவில்லை, சொல்லிவிடுகிறேன்.
யார் நீ என்றுதான் தோன்றியது.
அதற்கடுத்து,
மன்னித்துக்கொள், எழுப்பிவிட்டோம் என்று.

நஞ்சைக் காட்டச் சொன்னேன்.
தோருன் இரு கையாலும் விரித்தாள்,
ஈரத் துணியை விரிப்பது போல.
ஓரமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி.
"ரொம்ப உழைத்திருக்கிறது, பாருங்கள்,
களைத்துப் போயிருக்கிறது."
அதற்குத்தான் முதல் நன்றி சொன்னேன்.
உனக்குப் பிறகு.
இல்லை, உனக்கு முன்னால்.

தையல் போட்டார்கள். கால்கள் தாமாக நடுங்கின.
தட்டில் ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி,
நடுவே ஒரு காகிதக் கொடி.
பாதியை ஆந்தே தின்றுவிட்டான்,
தின்றது தெரியாமலே.

மேசையில் போன் அதிர்ந்தது.
ஏதாவது?

எடுக்கவில்லை.
எனக்கு இருந்த கைகள் இரண்டுதான்.