ஆறடிக்கு நாலு

புந்தா அரேனாஸில் வீடு பார்க்க வருகிறவர்கள்
முதலில் கூரையை ஆட்டிப் பார்ப்பார்கள்.
நான் பின்கதவைத் திறந்து
மண் எங்கே என்று கேட்டேன்.
தரகருக்குச் சிரிப்பு.
"மண் ஓடிப் போகாது அம்மா,
மற்றதையெல்லாம் இறுக்கிக் கட்டிவிடுங்கள்."

இருபத்திரண்டு வருஷம் மூன்றாம் மாடி.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு இறங்கி
படியேறிப் போய்ப் படுக்கிறவளுக்குத்
தரை என்பது
நடுவில் கடந்து போகிற இடம்.

ஏப்ரல், எங்களுக்கு இலை உதிரும் மாதம்.
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல்
மண்வெட்டியை ஓங்கினேன்.
திருப்பி அடித்தது பூமி.
கல். அதன் அடியில் அதன் அண்ணன்.
சோடா மூடி, நீலப் பீங்கான்,
யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை.
நாற்பது டன் பெட்டியை
நகம் படாமல் இறக்கி வைக்கிறவள்
ஆறடிக்கு நாலடிப் பாத்திக்கு
ஒரு சனி, ஒரு ஞாயிறு,
இடுப்புக்கு ஒரு திங்கள் விடுப்பு.

முழங்கை ஆழத்தில் ஒரு கழுத்துப்பட்டை.
தகர வில்லையில் தேய்ந்த பெயர்: கப்பித்தான்.
அதற்குக் கீழே நான் தோண்டவில்லை.
பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருந்தார்கள்,
ஐந்தாவதை யாரும் சொல்லவில்லை.
மண்ணை மூடினேன்.
பாத்தியைக் கிழக்கே மூன்றடி நகர்த்தினேன்.
மறுபடி கல்.

துலிப் கிழங்கு முப்பது.
கூர் மேலே இருக்க வேண்டும் என்றான் கடைப் பையன்.
விரல் மரத்துப்போன பிறகு
எல்லாப் பக்கமும் கூராகத்தான் இருந்தது.
கடைசியாகப் பாப்பி விதை.
பொட்டலத்தின் வாயைக் கிழித்ததுதான் நான்.
மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொண்டது.
வெறும் காகிதத்தைப் பிடித்தபடி
வேலிக்கு அந்தப் பக்கம்
ஒரு மிளகுத்தூள் மேகம் போவதைப் பார்த்தேன்.

ஜூனில் பகல் ஏழரை மணி நேரம்.
கிரேன் கூண்டிலிருந்து பார்த்தால்
நீர்ச்சந்தி, ஒரு சரக்குக் கப்பல்,
மேட்டில் சிவப்பும் பச்சையுமாய்த் தகரக் கூரைகள்.
என்னுடையது எது என்று
தினமும் தேடினேன்.
தினமும் வேறொன்றைக் கண்டுபிடித்தேன்.
பனிக்கடியில் தலைகீழாய்க் கிடக்கிறவற்றுக்கு
மேல் எது என்று யார் சொல்லுவார்கள்?

சொல்லியிருக்கிறார்கள், சிலவற்றுக்கு.
அக்டோபரில் ஏழு துலிப்.
குட்டை.
ஏழும் ஒரே பக்கம் சாய்ந்து
தாமதமான பேருந்தை எட்டிப் பார்ப்பதுபோல.
அரைச் சட்டையோடு வெளியே ஓடி
ஏழையும் இரண்டு தடவை எண்ணினேன்.

டிசம்பரில் கதவு தட்டினாள்
கிழக்கு வீட்டு தானிட்சா குசனோவிச்.
எட்டு மாதமாக என் வணக்கத்தை
வாங்கித் திருப்பித் தராதவள்.
எதுவும் முளைக்கக் கூடாதென்றே
முற்றம் முழுக்க ஜல்லி கொட்டியவள்.
"வந்து பார்" என்றாள்.

ஜல்லி முழுக்க ஆரஞ்சு.
கார் நிற்கிற இடத்தில் ஆரஞ்சு,
எரிவாயு உருளையின் காலடியில்,
மழைநீர்க் குழாய் விழுகிற மூலையில்.
"உன்னுடையதா?"
பொட்டலம் என்னுடையது என்றேன்.
"வண்டியை நான் எங்கே நிறுத்துவது?"
இதற்கு என்னிடம் பதில் இல்லை.
மூன்று வாரமாக அது தெருவில் நிற்கிறது.

நேற்று வேலிக்கு வந்தாள்.
கல் அடுக்கிய இடத்தைக் காட்டி
அங்கே ஏன் ஒன்றும் நடவில்லை என்றாள்.
பெயரைச் சொன்னேன்.
"அந்தத் திருட்டு நாயா,
என் ஐந்து கோழியைத் தின்றதே"
என்றவள்
சற்று நேரம் போகாமல் நின்றாள்.

என் பாத்தியில் பாப்பி ஒன்றே ஒன்று.
அதுவும் ஓரத்தில்,
வந்த வழி தெரியாமல் நிற்கிற விருந்தாளி மாதிரி.
இங்கே காற்று எப்போதும் மேற்கிலிருந்துதான்.
மேற்கு வீட்டுக்காரரோடு இன்னும் பழக்கமில்லை.
அடுத்த ஏப்ரலுக்குள் பழகிக்கொண்டு
ஒரு பொட்டலம் கொடுத்துக் கேட்க வேண்டும்:
உங்கள் வாசலில் நின்று
இதைச் சும்மா திறங்கள், போதும்.