காலி எடை

எடைமேடை நடத்துகிறவளுக்கு
தண்ணீரும் ஒரு சரக்குதான்.
ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்.
ஐந்நூற்று அறுபத்தாறு லிட்டர்.
கண்ணாடி, கீழ்த்தொட்டி, இரும்புச் சட்டம், பாறை,
எல்லாம் ஏற்றினால் ஒரு டன்னைத் தொடும்.
பழைய எடைச்சீட்டின் பின்பக்கத்தில்
குழாய்களை வரைந்தேன்.
முன்பக்கத்தில் யாரோ ஏற்றிப்போன இளநீர்,
மொத்த எடை, காலி எடை, என் கையெழுத்து.

வேலந்தாவளத்திலிருந்து கடல்
நூறு கிலோமீட்டருக்கு மேல்.
மலை விட்ட இடைவெளியில் காற்று மட்டும்
தினமும் வந்து போகிறது, சீட்டு வாங்காமல்.

குழாய் போட வந்தவன் சஜீவன்.
தென்னந்தோப்புகளுக்குச் சொட்டுநீர் பதிக்கிறவன்.
"மேலேருந்து கீழே, கீழேருந்து மேலே,
எங்கயும் போகாத தண்ணிக்கு
இத்தன பைப்பா சேச்சி?"
அளவு டேப்பின் மறுமுனையை அவன் கையில் கொடுத்தேன்.

வடிகுழாய் இரண்டு.
ஒன்று எப்போதும் நிறைந்து ஓடும்.
மற்றது வறண்டே நிற்கும்,
முதலாவதில் நத்தை போய் அடைத்துக்கொள்ளும்
ஏதோ ஓர் இரவுக்காக.
சும்மா நிற்கிற பைப்புக்கு எதற்குக் காசு என்றான்.
லாரி வராத நாளிலும்
நான் மேடையைத் திறந்துதான் வைக்கிறேன் என்றேன்.

செங்குத்து எல்போ வேண்டாம்,
நாற்பத்தைந்து டிகிரியில் இரண்டு போடு.
பம்புக்குப் பக்கத்தில் யூனியன், கழற்றிக் கழுவ.
பித்தளை மட்டும் கூடவே கூடாது,
செம்பு கரைந்தால் பவளம் செத்துவிடும்.
பையிலிருந்து எடுத்த வால்வை
திருடியதைத் திருப்பி வைப்பதுபோல் உள்ளே போட்டான்.

ஒட்டாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்தோம்.
மூட்டுக்கு மூட்டு மார்க்கரில் ஒரு கோடு.
பிறகு பசை, கால் திருப்பு,
முப்பது எண்ணும்வரை கையை எடுக்காதே.
அவன் மலையாளத்தில் எண்ணினான், நான் தமிழில்.
இருபதுக்கு மேல்
யார் முந்தினோம் என்று தெரியவில்லை.

சோதனைக்குப் போர்த்தண்ணீர்.
கேட்வால்வை மயிரிழை மயிரிழையாய்த் திருக
குடகுடவென்று வம்பளந்த குழாய்
வாயை மூடிக்கொண்டது.
அந்த அமைதியை நாங்கள் ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை,
கரண்ட் போனது.

மேலே தள்ளிக்கொண்டிருந்த குழாய்
அப்படியே திரும்பி உறிஞ்சத் தொடங்கியது.
ஐந்து அங்குலம் இறங்கிய பிறகே விட்டது.
கீழ்த்தொட்டி விளிம்பு தாண்டி
ஒன்றரைக் குடம் தண்ணீர்
மோசைக் தரையில் வாசலைத் தேடிப் போனது.

"ஒரு செக்வால்வ் வெச்சிடலாம் சேச்சி.
ஒரு பக்கம்தான் விடும்."
பதினாறு வருஷம் செக்போஸ்ட்டுக்கு எதிரில் இருக்கிறேன்.
ஒரு பக்கம்தான் விடும் என்று சொன்னதெல்லாம்
என்னென்ன பக்கம் விட்டது என்று எனக்குத் தெரியும்.

தப்பு என்னுடையது.
ஏறுகிற தண்ணீருக்குக் கணக்குப் போட்டேன்,
வண்டி திரும்பியும் வரும் என்பதை எழுதவில்லை.

"குழாயில் ஒரு ஓட்டை போடு.
தண்ணீர் மட்டத்துக்கு அரை விரல் கீழே. நாலு மில்லி.
மட்டம் இறங்கினால் அது வழியே காற்று போகட்டும்."
சஜீவன் முகத்தில் அன்று முதல் வெளிச்சம்.
"இத மொதல்லயே சொல்லக் கூடாதா!
நாளைக்கு ஆயிரம் ஓட்டை போடறவன் நான்."

கரண்ட் வந்ததும் நாங்களே நிறுத்தினோம்.
ஓர் அங்குலம் இறங்கி, ஸ் என்றது, நின்றது.
கீழே, விளிம்புக்கு நாலு விரல் முன்னால்
அவன் மார்க்கரில் கோடு கிழித்து
இதற்கு மேல் பாடில்லா என்று
மலையாளத்தில் எழுதிவைத்தான்.

உப்பு இன்னும் கொச்சியிலிருந்து வரவில்லை.
சீட்டு வாங்க வந்த டிரைவர் எட்டிப் பார்த்து
மீன் எங்கே என்கிறார்.
இப்போது எடுத்திருப்பது காலி எடை என்றேன்.
அவருடைய பதினாறு சக்கரமும் மேடை ஏற
உள்ளே தொட்டியில்
தண்ணீர் லேசாக நடுங்கி நின்றது.