முதலில் நிற்காத எழுத்து

ஈசாஃப்யோர்துர் பாலர் பள்ளியில்
வாரத்துக்கு ஓர் எழுத்து.

முதல் வாரம் குரங்கு.
முட்டை அட்டையை வெட்டி முகம் செய்தார்கள்.
காது மட்டும் எல்லாருக்கும் யானைக்காதாகிவிட்டது.
அடுத்தது 'ஔ'.
அந்த ஊரில் அது ஓரெழுத்து ஒருமொழி:
ஔ என்றால் ஆறு.
நீலக் காகிதத்தைக் கிழித்துத் தரையெல்லாம் ஓடவிட்டார்கள்.
நான்கு நாளும் கழிவறைக்குப் போனவர்கள்
காலுறையைக் கழற்றிக்கொண்டுதான் கடந்தார்கள்.
பிறகு பால் டப்பாவில் படகு,
பிறகு பஞ்சுப் புறா.
ஒரு புறா ஹீட்டரில் ஒட்டிப் பழுப்பாகி
ரொட்டி வாசம் வீசியது.

ஐந்தாம் வாரம் 'எத்'.

வயிறு பெருத்த டி,
முதுகில் குறுக்கே ஒரு கீறல்.
அந்த மொழியில் ஒரு சொல்லும்
அதில் தொடங்குவதில்லை.
தன் பெயரைச் சொல்லும்போதுகூட
ஓர் எகரத்தை முன்னே அனுப்பிவிட்டு
பின்னால் நிற்கும் எழுத்து.

உங்கள் வாயிலும் இருக்கிறது அது.
'அது' என்று சொல்லிப் பாருங்கள்.
காது. விதை. பாதி.
தலை, தட்டு என்று முன்னால் நின்றால் முட்டுகிற த
நடுவுக்கு வந்ததும்
பல்லோரம் மூச்சுவிட்டுக்கொண்டு
சும்மா இருக்கிறது அல்லவா,
அந்த ஒலிதான்.

ஸ்டெய்ன்வோர் டீச்சருக்கு யோசனை ஓடவில்லை.
எந்த விலங்கை வெட்டுவது? எந்தப் பழத்தை வரைவது?
புறா வாரத்தோடு சேர்த்து
கமுக்கமாக ஒட்டிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.
ஆனால் எழுத்துப்பை வெள்ளிக்கிழமையே
யகோதாவின் தோளேறிப் போய்விட்டது,
போலந்திலிருந்து வந்து
மீன் ஆலைக்குப் பின்னால் குடியிருக்கும் வீட்டுக்கு.
அந்த வீட்டில் இந்த மொழியைப் படிப்பதென்றால்
சமையலறைப் பொட்டலங்களைப் படிப்பது.

திங்கள் காலை. காலை என்பது கடிகாரத்தில் மட்டும்.
இரண்டு மாதமாகச் சூரியன் மலைக்கு அந்தப் பக்கம்.
யகோதா பையைக் கவிழ்த்தாள்.
விழுந்தது ஒரு துண்டு ரொட்டி,
ஓரத்தில் ஒரு கடி.

"ப்ரௌத்," என்றாள்.
"முதல்ல இல்ல. கடைசியில இருக்கு.
கடிச்சது தம்பி."

டீச்சர் சிரித்துவிட்டு
ஐந்து பேரைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினாள்,
ஆளுக்கு ஓர் எழுத்து.
ஹாவர்துர் வழக்கம்போல் எல்லாரையும் இடித்துக்கொண்டு
முன்னால் போய் நின்றான்.
கைகழுவ, சறுக்குமரம் ஏற, பாத்ரூம் போக,
எதற்கும் அவன்தான் முதல்.
அவன் கழுத்தில் எத்தை மாட்டி
மூன்றாவதாக நிற்கச் சொன்னாள்.
அவன் மாட்டேன் என்றான்.
தரையில் படுத்து மாட்டேன் என்றான்.

மற்ற நாலு பேரும் கத்திப் படித்தார்கள்: "மோ... இர்!"
யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.
ஐசா மட்டும் குனிந்து
படுத்திருந்தவனிடம் சொன்னாள்:
"நீ வராட்டி அம்மா வரமாட்டா."

எழுந்து போய் நடுவில் நின்றான், முகத்தைத் துடைக்காமல்.
மோதிர்.
நமக்கு மோதிரம் போலக் கேட்கும்.
அங்கே அம்மா.

அப்புறம் யாரும் அவனை அங்கிருந்து அசைக்க முடியவில்லை.
அப்பாவுக்கும் நடுவில் அவன்,
அண்ணனுக்கும் நடுவில் அவன்.
"முதல்ல போறியா?" என்று ஐசாவே இடம் விட்டபோது
"வேலை இருக்கு" என்றான்.

கைவேலைக்கு ரொட்டி.
வயிறுள்ள டி-யாக வெட்டி
வெண்ணெய் தடவி
குறுக்குக் கோட்டுக்கு ஒரு கீற்றுக் கருவாடு.
காய்வதற்குக் கொடியில் மாட்டலாம் என்று
டீச்சர் கிளிப்பை எடுத்து வருவதற்குள்
பன்னிரண்டு எத்தும் காலி.

இப்போதும் அந்தக் கொடியில்
புறாவுக்கும் அடுத்து வந்த எலிக்கும் இடையே
ஒரு வெறும் கிளிப்.
மீன் ஆலைப் பூட்ஸோடு கூப்பிட வந்த
யகோதாவின் அம்மா அதைத் தொட்டு
தெரிந்த அரைகுறை மொழியில் கேட்டாள்,
இங்கே என்ன, விழுந்துவிட்டதா என்று.

ஹாவர்துர் சட்டையைத் தூக்கி
தொப்புளைக் காட்டினான்.